எல்லாக் கரைக்கும் சேர்த்து

அன்புள்ள மகளே,

பருவநிலை மாநாட்டில் நம் அரசாங்கக் குழுவோடு நீ உட்கார்ந்திருந்ததைச் சதுரங்கப்பட்டினமே டிவியில் பார்த்தது. "இன்னாக்கா, ஒம் பொண்ணு தூங்கினு கீது!" என்று டீக்கடை ஜான்சன் கத்தினான். விடிய விடிய வாதாடியவள் வேறென்ன செய்வாள் என்றேன்.

கடல் அரித்த ஊர்களுக்குப் பணக்கார நாடுகள் உதவும் என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் கையெழுத்துப் போட மாட்டோம் என நம் நாடு குட்டித் தீவுகளோடு நின்றதாம். கடைசியில் எழுதிவிட்டார்களாம். கேட்டதில் பாதிதான் கிடைத்தது என்று போனில் அழுதாயே. பாதியாவது வந்ததே, கண்ணு! எனக்குச் சந்தோஷம்தான்.

வீட்டைப் பற்றிக் கேட்டாய். போன மாதம் முன்னறையைக் கடல் கொண்டுபோய்விட்டது. சமையலறையில் படுக்கிறேன். காற்று நன்றாக வருகிறது. ஜான்சன் அன்றைக்கே உனக்குச் சொல்லப் பார்த்தான். "சொல்லாதடா. அவ எல்லாக் கரைக்கும் சேத்துப் பேசப் போயிகீறா. தன் வூட்டுக்காகப் பேசறான்னு எவனும் சொல்லிடக் கூடாது" என்று நான்தான் தடுத்தேன்.

இப்போது பேசி முடித்துவிட்டாய், அதனால் எழுதுகிறேன். பதறாதே. சங்கரா மீன் நிறைய வருகிறது. லீவு போட்டுவிட்டு வா. சமையலறையில் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம்.

உன் அம்மா