இருபது அங்குலப் பார்

1984 ஜூன் 14, வியாழன்

காலையிலிருந்து சாரல். பலகை அடுக்குக்குத் தார்ப்பாய் போட்டாயிற்று. மேலகரம் ரோட்டில் குற்றாலக் கூட்டம், எண்ணெய்த் தலையும் ஈரத் துண்டுமாக. அவர் இல்லாத ஐந்தாவது சீசன். இடையில் ஒரே ஒரு லீவு, அதுவும் கார்த்திகையில்.

பதினொரு மணிக்குக் கடையநல்லூர்க்காரர் வந்தார். மஸ்கட்டில் அவரோடு ஒரே அறை. கொடுத்துவிட்டுப் போனவை:

மரம் அறுக்கும் மெஷினுக்குப் புது பார் 1 (சங்கிலி ஓடும் நீளத் தகடு). 20 அங்.
சங்கிலி 2.
அவர் பேசி அனுப்பிய கேசட் 1.
சேலை. பச்சை கேட்டிருந்தேன். நீலம்.

"இருவத்தஞ்சாந் தேதி திங்கக்கெழம ஏறுதேன் மதினி. பதில் காயிதம்னா அடுத்த வாரம் சனிக்கெழமைக்குள்ள எழுதி வைங்க, வந்து வாங்கிக்கிடுதேன்." சாப்பிடச் சொன்னேன். நிற்கவில்லை.

மெஷின் பொங்கலுக்கே வந்துவிட்டது. அதோடு வந்த குட்டி பார் கிளை வெட்டத்தான் ஆகும். பலகை அறுக்க நீளம் வேண்டும். செங்கோட்டை மில்லில் முறைக்காகக் காத்துக் கிடக்காமல், வண்டி போகாத தோப்பிலும் நாமே போய் அறுக்கலாம் என்பது அவர் யோசனை.

கேசட் போட்டேன். "ஏட்டி, கேக்குதா? இந்த பார மாட்டி நம்ம அயினித் தடியில நேரா ஒரு பலக எறங்கிட்டுன்னு வையி, நான் எதுக்கு இங்கன கெடக்கணும்? ஆவணி லீவுக்கு வந்தா அப்படியே இருந்திருவேன்."

மூன்று தடவை கேட்டேன். கரண்ட் போய்விட்டது. மறுபக்கம் கேட்கவில்லை.

ஜூன் 15, வெள்ளி

கரண்ட் இல்லை. காற்றில் கம்பம் சாய்ந்துவிட்டதாம்.

பாரை அயினித் தடி (காட்டுப்பலா) மேல் குறுக்கே வைத்துப் பார்த்தோம், நானும் பிச்சையா அண்ணாச்சியும் (எங்கள் மரவாடியில் பத்து வருஷமாக அறுப்பு வேலை). எட்டவில்லை. மூன்று அங்குலம் குறை. பலகை ஒரே கனமாக வரப் பாரில் மாட்டும் சட்டத்துக்கு இன்னும் இரண்டு போகும். ஆக ஐந்து.

தப்பு எங்கே என்று அப்புறம்தான் விளங்கியது. சித்திரையில், தடி எத்தனை அங்குலம் என்று கேட்டு எழுதியிருந்தார். பதினெட்டு என்று எழுதினேன். வாடியில் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வோம். தடியைச் சுற்றி நூல் பிடித்து, அதை நாலாக மடித்து அளந்த அளவு. குறுக்கே வைத்து அளந்தால் இருபத்து மூன்று. அவர் பதினெட்டையே குறுக்களவாக எடுத்து, சட்டத்துக்கு இரண்டு கூட்டி, இருபதாக வாங்கிவிட்டார்.

அண்ணாச்சி சிரித்தார். "மொதலாளிக்கு நூல் கணக்கே மறந்து போச்சா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமான புதிதில் எனக்கு நூல் மடிக்கச் சொல்லித் தந்தவரே அவர்தான். ஒரு முனை என் கையில். மறு முனையோடு தடியைச் சுற்றி வந்து என்னை ஒட்டி நிற்பார். வேண்டுமென்றே மெதுவாக வருவார். அதை மறந்தவர் வேறு எதை எதை மறந்தாரோ.

ஜூன் 17, ஞாயிறு

மழை விட்டது. சிறிய மாந்தடியில் சங்கிலிகளைப் போட்டுப் பார்த்தோம்.

முதலாவது: பல்லின் சரிவு அதிகம். குறுக்கே துண்டு போட நல்லது. நெடுக்கே விட்டால் மெஷின் திணறுகிறது, புகை, பலகை முகமெல்லாம் கீறல்.
இரண்டாவது: பல் ஏறக்குறைய நேர். மெதுவாகத்தான் போகிறது. பலகை வழுவழு.

இரண்டாவதுதான். அண்ணாச்சிக்கும் சம்மதம். பார் மட்டும் 25 அங்குலம் வேண்டும். எழுத உட்கார்ந்தேன். தலைவலி. படுத்துவிட்டேன்.

சீயக்காய் தீர்ந்தது, வாங்க வேண்டும்.

ஜூன் 19, செவ்வாய்

மத்தியானம் கரண்ட் வந்தது. கேசட்டின் மறுபக்கம்.

"நீளம் பத்தலன்னா சொல்லு. ஆனா இந்த எஞ்சின் இருபதுக்கு மேல இழுக்காது. பெரிய எஞ்சின்தான் வாங்கணும். அப்பம் இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கம்பெனியில கையெழுத்துப் போடணும். நீ சொல்லுதபடி செய்யுதேன்."

என் தலையில் போட்டுவிட்டார்.

அப்புறம் இருமினார். பின்னால் யாரோ மலையாளத்தில் கூப்பிட்டார்கள். அவ்வளவுதான். அந்த இருமலைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். வெட்கம்தான்.

ஜூன் 20, புதன்

அண்ணாச்சியிடம் எஞ்சின் விஷயம் சொன்னேன். "பெரிசாவே வரட்டும் தாயி. எந்தத் தடி வந்தாலும் அறுக்கலாம்லா. ரெண்டு வருசம் கண்ண மூடி முழிக்கதுக்குள்ள ஓடிரும்."

"நீங்க ஒருநா பிந்துனா ஒங்க வீட்டு மதினி ரோட்டுல வந்து நிக்காவோ. அவோகிட்ட போயி சொல்லுங்க, ரெண்டு வருசம் ஓடிரும்னு."

பாவம், அண்ணாச்சி சொன்னதும் நியாயம்தான். வாடிக்குப் பெரிய எஞ்சின்தான் சரி. எனக்குத்தான் சரியில்லை. எனக்கு அவர் வேண்டும்.

ஜூன் 22, வெள்ளி

அயினித் தடியின் இரண்டு பக்கமும் செதுக்கச் சொன்னேன். பக்கத்துக்கு இரண்டரை அங்குலம். பதினெட்டுக்கு வந்துவிடும்.

அண்ணாச்சி கோடாலியைக் கீழே வைத்துவிட்டார். "வெளி வெள்ளை போனாப் போட்டும். உள் வைரமும்லா சேந்து போவுது? இப்பேர்ப்பட்ட தடிய... பாக்கவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும்."

அண்ணாச்சி கோடு போட்டார். செதுக்கும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. மஞ்சள் சிராய் முழங்கால் உயரம். நிறுத்தச் சொல்லவில்லை.

மூன்று மணிக்குப் புது பார், இரண்டாவது சங்கிலி. பலகை இறங்கியது. நேராக.

ஜூன் 23, சனி

சாரல். மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். கடைசியில் நாலு வரி. இருபது போதும். பலகை நேராக வருகிறது. கையெழுத்துப் போட வேண்டாம். ஆவணிக்கு வாருங்கள்.

கடையநல்லூர்க்காரர் குடையோடு வந்து கவரை வாங்கிக்கொண்டார். "பாரு நீளம் பத்துச்சான்னு மறக்காம கேட்டுட்டு வரச் சொன்னாரு."

அண்ணாச்சி சிராயை அள்ளிக்கொண்டிருந்தவர், நின்று என்னைப் பார்த்தார்.

"அளவெடுத்து வாங்குனாப்புல இருக்குன்னு சொல்லுங்க" என்றேன்.