பாத்து அக்காவுக்கு நான் சொல்லித் தந்த ஸ்கோர்

ஏப்ரல் 8, 2025

பெருநாள் முடிந்து ஒரு வாரம் ஆகிறது, டப்பாவில் முறுக்கு இன்னும் தீரவில்லை. நான் எடுக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு எடுத்துப் போனேன். பதினாலு பெண்கள், ஒரே நிமிஷத்தில் காலி.

வகுப்பு முடிந்ததும் பாத்து அக்கா தயங்கித் தயங்கி நின்றார். நூஹு அண்ணனின் ஷட்டில் கோர்ட்டில் கூட்டித் துடைக்கிற பாத்து அக்கா. நாற்பத்தெட்டு வயசு. முட்டி இரண்டும் போய்விட்டது, குனிந்தால் நிமிர முடிவதில்லை. மே மாதம் அங்கே பெரிய டோர்னமெண்ட் நடக்கிறதாம். பெங்களூர், கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் ஆட வருகிறார்கள். மைக்கில் இங்கிலீஷில் ஸ்கோர் சொல்ல ஆள் வேண்டும்.

"இருவத்திரெண்டாந் தேதி சொல்லிக் காட்டச் சொல்லியிருக்காருங்க டீச்சர். சரியாச் சொல்லிட்டா டோர்னமெண்ட்டுக்கு நான்தானுங்க. பொறவும் மேசையிலயே உக்கார வெச்சுக்கறேன்னாரு. தொடைக்கற சோலிக்கு வேற ஆளு போட்டுக்குவாராம்."

"ரெண்டு வாரம் இருக்கில்லக்கா, நான் பாத்துக்கறேன்" என்றேன். பெரிய இவள் மாதிரி.

ஏப்ரல் 9

நான் இதுவரை ஷட்டில் மட்டையைக் கையில் தொட்டதில்லை. ஒன்பதாம் பாடமாக 'பேட்மிண்டன் - ஓர் அறிமுகம்' என்று வைத்துவிடலாம், பாத்து அக்காவுக்கும் ஆகும், மற்றவர்களுக்கும் பேச ஒரு விஷயம் கிடைக்கும். அலமாரியில் பழைய இங்கிலீஷ் கட்டுரைப் புத்தகம் இருக்கிறது. அதில் அழகாக ஒன்றரைப் பக்கம் போட்டிருக்கிறான். அதுவே போதும்.

என் வீட்டுக்காரர் ஜாகிர் தினமும் காலையில் மாங்காய் மண்டி திறக்குமுன் அங்கேதான் போய் ஆடிவிட்டு வருகிறார். அவரிடம் கேட்கலாம். கேட்டால், பி.ஏ. இங்கிலீஷ் என்னிடம் பாடம் படிக்குது என்று ஊர் பூராச் சொல்வார். வேண்டாம்.

ஏப்ரல் 10

வகுப்பு நன்றாகவே போனது. கடைசியில் மட்டும் கொஞ்சம் கோபப்பட்டுவிட்டேன்.

கொஞ்சமா? எனக்கு நானே எழுதுவதில் என்ன பொய். நடந்ததை எழுதுகிறேன்.

பலகையில் கோடு போட்டு, நடுவில் நெட் வரைந்து, இரண்டு பேர் ஆடினால் சிங்கிள்ஸ், நாலு பேர் என்றால் டபுள்ஸ், காக் என்றால் இறகு வைத்த பந்து - எல்லாம் இங்கிலீஷில் சொல்லி, அவர்களையும் சொல்ல வைத்தேன். ஆனந்தி மட்டையை 'பேட்' என்றாள், 'ராக்கெட்' என்று திருத்தினேன். ஒரே சிரிப்பு. அப்புறம் ஸ்கோர். புத்தகத்தில் இருந்தபடி சொன்னேன்: பதினைந்து பாயிண்ட் எடுத்தால் ஜெயிப்பு. சர்வீஸ் போடுகிறவருக்கு மட்டும்தான் பாயிண்ட். எதிராளி ஜெயித்தால் பாயிண்ட் கிடையாது, சர்வீஸ் மட்டும் அவர் கைக்குப் போகும். அப்போது 'சர்வீஸ் ஓவர்' என்று சொல்லிவிட்டுப் பழைய ஸ்கோரையே சொல்ல வேண்டும்.

பாத்து அக்கா எழுந்தார். "இல்லீங்க டீச்சர். சர்வீஸ் யாரு போட்டாலும் ஜெயிச்சவங்களுக்குப் பாயிண்ட் உண்டுங்க. இருவத்தொண்ணுங்க கணக்கு."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். என்னைப் பார்த்தா, அவரைப் பார்த்தா, தெரியாது. எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"கோர்ட்டைக் கூட்டறவங்க ரூல் சொல்லித் தர வேண்டாம். உக்காருங்க."

இதைத்தான் சொன்னேன். பதினாலு பேர் கேட்டார்கள். அவர் உடனே உட்கார்ந்துவிட்டார். புடவைத் தலைப்பை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டார். நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

ஏப்ரல் 11

எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை? நான் அப்படிப்பட்டவள் இல்லையே. அப்படிப்பட்டவள்தான் போல.

ஏப்ரல் 15

நேற்று விஷு விடுமுறை. இன்று பாத்து அக்கா வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். முன் பெஞ்சை விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் எழுதிப் போட்ட ஸ்கோரெல்லாம் மனப்பாடம். "சர்வீஸ் ஓவர், த்ரீ ஆல்" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னபோது நானே கை தட்டினேன். குரல் கணீரென்று இருக்கிறது. மைக்குக்கென்றே பிறந்த குரல்.

வகுப்பு முடிந்ததும் கேட்டார்: "ஏனுங்க டீச்சர், இங்கிலீஷ்ல சொல்றப்ப இப்படித்தானுங்களா?"

அந்த நொடி எனக்குள் ஒரு சின்ன உறுத்தல் வந்தது. வந்தது, எனக்குத் தெரியும். ஃபோனை எடுத்துப் பார்த்திருக்கலாம். பார்த்துத் தப்பு என்று தெரிந்தால், அன்று சொன்னதற்கு என்ன பண்ணுவது?

"ஆமாங்கக்கா, இப்படித்தான்" என்றேன்.

ஏப்ரல் 22

காலை ஏழரைக்கு ஜாகிர் வந்தார். சட்டையெல்லாம் வேர்வை, ஒரே சிரிப்பு. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏம்புள்ள, இன்னிக்குக் கோர்ட்டுல வந்து பாத்திருக்கோணும் நீ. உன்ற ஸ்டூடெண்ட்டு பாத்து அக்கா ஸ்கோர் சொல்லுச்சு. நானும் நூஹு அண்ணனும் ஆடறோம். மூணு மூணு. அவர் சர்வீஸ், நான் அடிச்சு ஜெயிச்சுட்டேன். அக்கா என்ன சொல்லோணும்? சர்வீஸ் ஓவர், ஃபோர் த்ரீ. அது 'சர்வீஸ் ஓவர், த்ரீ ஆல்'ங்குது! என்ற பாயிண்ட் எங்கக்கான்னு கேக்கறேன், மறுபடியும் அதையே சொல்லுது. மூணு வாட்டி! எல்லாரும் உக்காந்து உக்காந்து சிரிச்சோம். பாவம், தெனமும் அங்கயே இருக்குது, அது கூடத் தெரியல பாரு."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"எனக்கு மண்டையில ஏறலீங்கன்னு சொல்லிட்டுப் போயி மாப்பை எடுத்துருச்சு. நூஹு அண்ணன் கோயம்புத்தூர்ல ஒரு பொண்ணுக்கு ஃபோன் போட்டுட்டாரு."

தோசை கருகியது. அவர் குளிக்கப் போனதும் ஃபோனில் பார்த்தேன். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. நான் சொன்ன கணக்கை மாற்றி இருபது வருஷம் ஆகப்போகிறதாம். இருபத்தொன்று. ஜெயித்தவருக்குப் பாயிண்ட். அன்று பாத்து அக்கா சொன்னது அத்தனையும் சரி. என் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினேன் - அச்சடித்த வருஷம் 1998.

அல்லாஹ்வே. எனக்குத் தெரியாது என்று நாலு எழுத்து சொல்லியிருந்தால் வாய் வெந்தா போயிருக்கும்?

ஏப்ரல் 23

ஜாகிரிடம் சொல்லவில்லை. சாப்பிடும்போது மாமியிடம் மறுபடி அதே கதையைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிச்சேன்! சீ.

ஏப்ரல் 24

வகுப்பு. பாத்து அக்கா வரவில்லை.

ஏப்ரல் 26

ஒரு பெட்டி பங்கனப்பள்ளி எடுத்துக்கொண்டு பாத்து அக்கா வீட்டுக்குப் போனேன். மாங்காய்க்கே பேர்போன எங்கள் முதலமடையில் ஒருத்தர் வீட்டுக்கு மாம்பழம் கொண்டுபோன முதல் மூளைகெட்டவள் நான்தான்.

"இதெதுக்குங்க டீச்சர்? மாந்தோப்புக்குள்ளதானுங்களே குடியிருக்கறோம்" என்றார். வாங்கி ஓரமாக வைத்தார். சமையல்கட்டில் பலகை போட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார்.

தப்பு என்னுடையது, பழைய புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை.

"நான் சொன்னது சரின்னு எனக்குத் தெரியுமுங்க. ஆறு வருசமாக் காதுல உழுகுதுங்களே. ஆனா இங்கிலீஷ்ல வேற மாதிரி இருக்கும்போலன்னு நெனச்சுட்டேன். படிச்சவங்க சொல்றாங்க, நம்ம காதுதான் தப்புன்னு."

"நூஹு அண்ணன் கிட்ட, டீச்சர்தான் இப்படிச் சொல்லிக் குடுத்தாங்கன்னு சொல்லியிருக்கலாமில்லக்கா?"

"எப்படிங்க சொல்றது? உங்க ஊட்டுக்காரரும் அங்கதான நின்னாரு. அவரு முன்னால உங்களை எப்படி உட்டுக்குடுக்கறது?"

இதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

எழுந்து வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து சொன்னார், மெதுவாக: "தப்பா நெனைக்காதீங்க டீச்சர். அன்னிக்கு அத்தனை பேரு முன்னால சொன்னீங்க. மன்னிப்பை மட்டும் என்ற சமையல்கட்டுல வந்து கேக்கறீங்க."

ஏப்ரல் 27

அவர் சொன்னதுதான் நியாயம். நாள் முழுக்க வேறு ஏதாவது நியாயம் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

ஏப்ரல் 29

இன்றும் பாத்து அக்கா வரவில்லை. வகுப்பில் ஒன்பதாம் பாடத்தை மறுபடி பலகையில் எழுதி, எல்லாரும் பார்க்க அழித்தேன். "நான் சொல்லித் தந்தது தப்பு. பாத்து அக்கா சொன்னது சரி. தெரிஞ்சவங்களை உக்காருங்கன்னு அதட்டினேன். அவங்க வேலையைச் சொல்லிக் கேவலப்படுத்தினேன்" என்றேன். இங்கிலீஷில் சொல்ல நினைத்திருந்தேன், தமிழில்தான் வந்தது.

ஆனந்தி எழுந்தாள். சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டுக்காரி, இங்கே கல்யாணம் பண்ணி வந்து மாங்காய் ஷெட்டில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதவள்.

"நாங்களும்தான டீச்சர் பாத்துக்கிட்டு சும்மா இருந்தோம். எங்க எஸ்டேட்டுல சூப்ரவைசர் எங்கம்மாவ இப்படித்தான் பேசுவாரு. அன்னைக்கு நீங்க பேசவும் நான் நோட்டுக்குள்ள தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். வாயைத் தொறக்கலையே நானு."

தரையைப் பார்த்துக்கொண்டே வகுப்பை முடித்தேன். பாதி பேருக்கு நான் பொய்க்காரி, மீதி பேருக்குப் பாவம் என்று தோன்றியிருக்கும். இரண்டும் எனக்கு வேண்டியதுதான்.

ஏப்ரல் 30

காலை ஆறு மணிக்கு ஜாகிரின் வண்டியில் பின்னால் ஏறினேன். "நீ எங்க புள்ள?" என்றார். "கோர்ட்டுக்கு" என்றேன். வழியில் வேறு எதுவும் சொல்லவில்லை. சொன்னால் வண்டியைத் திருப்பிவிடுவார்.

எட்டுப் பத்து ஆண்கள். மண்டிக்காரர்கள், லாரிக்காரர்கள், என் கல்யாணத்துக்கு வந்து பிரியாணி சாப்பிட்டவர்கள். பாத்து அக்கா மூலையில் மாப்போடு நின்றார், என்னைப் பார்த்ததும் தலையை வேண்டாம் என்று அசைத்தார். நெட் பக்கம் போய் நின்றேன்.

"நூஹு அண்ணா, அன்னிக்கு அக்கா சொன்ன ஸ்கோர் நான் சொல்லிக் குடுத்தது. அவங்களுக்குச் சரியாத்தான் தெரியும். எனக்குத்தான் தெரியல. தெரியாமயே தெரியும்னு சொன்னேன். நீங்க என்னைப் பாத்துத்தான் சிரிச்சிருக்கோணும்."

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தர் காக்கின் இறகை நீவிக்கொண்டே இருந்தார். நூஹு அண்ணன் நெற்றியைத் தேய்த்தார். "நீ சொன்னது நல்லதாப் போச்சும்மா. ஆனா அந்தப் பொண்ணுகிட்ட வாக்குக் குடுத்துட்டேன். இந்த வாட்டி ஒண்ணும் பண்ண முடியாது."

அவ்வளவுதான். என் வெட்கத்தை வைத்துப் பாத்து அக்காவுக்கு ஒரு நாற்காலி கூட வாங்க முடியவில்லை.

திரும்பி வரும்போது பாதி வழியில் ஜாகிர் வண்டியை மெதுவாக்கினார். அப்புறம், "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றார். கோபமாக இல்லை. "நீங்க கிண்டல் பண்ணுவீங்க" என்றேன். "பண்ணுவேன்தான்" என்றார். வீடு வந்து இறங்கும்போது, "நானும் மூணு நாளு அந்தக் கதையைச் சொல்லிச் சிரிச்சேனே புள்ள" என்றார். இன்று மண்டிக்கு நேரம் கழித்துத்தான் போனார்.

மே 11

டோர்னமெண்ட் கடைசி நாள். கேலரியில் ஆனந்தியோடு உட்கார்ந்தேன். கோயம்புத்தூர் பெண் நன்றாகவே சொன்னாள், படபடவென்று. பாத்து அக்கா ஓரத்தில் மாப்போடு. யாருக்காவது வேர்வை சொட்டினால் ஓடிப்போய்த் துடைக்க வேண்டும். ஓட முடியவில்லை, காலை இழுத்து இழுத்துப் போனார்.

ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். மைக்கில் வருமுன்னேயே அவர் சொல்லிவிடுகிறார். ஒரு தடவை கூடத் தப்பவில்லை. பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பார்க்க முடியல. பார்க்க முடியல.

ஜூன் 19

விடாத மழை. தோப்பெல்லாம் காலி, மண்டி பூட்டு. வகுப்புக்கு ஒன்பது பேர்தான் வருகிறார்கள். பாத்து அக்கா வருவதில்லை. டோர்னமெண்ட் இரண்டு நாளும் அந்தக் கோயம்புத்தூர் பெண் பாத்து அக்கா வீட்டில்தான் தங்கினாளாம், இப்போது தினம் ஃபோனில் பேசிப் பேசி இங்கிலீஷ் சொல்லித் தருகிறாளாம். ஆனந்தி சொன்னாள். கேட்டதும் முதலில் சுருக்கென்றது. என் வகுப்பு போதாதா என்று. அப்புறம் என் முகத்தில் நானே தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் பாடம் எடுக்கும் முன் எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்க்கிறேன். அதுவும் பாதி பயத்தில்தான், ஒழுக்கத்தில் இல்லை.

ஜூலை 3

மாலையில் ஃபோனில் ஒரு குரல் செய்தி. பாத்து அக்கா. இரண்டு மாதமாக ஒரு வார்த்தை பேசாதவர்.

"டீச்சர், சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு லேடீஸ் பேட்ச் ஆரம்பிக்கறமுங்க. ஏழு பேரு சேந்துட்டாங்க. டபுள்ஸுக்கு ஒரு ஆளு கொறையுது. வர்றீங்களா?"

நான்கைந்து பதில் சொல்லிப் பார்த்து அழித்தேன். வேலை இருக்கிறது, இடுப்பு வலி, மாமிக்கு உடம்பு சரியில்லை. கடைசியில், "எனக்கு ஆடத் தெரியாதுங்கக்கா" என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. பின்னால் ஷட்டில் அடிக்கிற சத்தம், யாரோ பாயிண்ட் கேட்டுக் கத்துகிற சத்தம். "ஒரு நிமிசமுங்க டீச்சர்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அங்கே, "சர்வீஸ் ஓவர், எய்ட் செவன்" என்றார். மைக்கில் எதிரொலித்தது. அப்புறம் மறுபடி என்னிடம்: "தெரியாதுன்னு எனக்குத் தெரியுமுங்க. வாங்க, பழகிக்கலாம். செருப்போட மட்டும் உள்ளே ஏறிராதீங்க, தரையில கறையாயிரும். இப்பத் தொடைக்கறது வேற ஒரு புள்ளைங்க, புதுசு, அதுக்கு ஒண்ணும் தெரியாது. நான் அங்க மேசையிலதான் இருப்பேன், வந்து பேரு எழுதிக்குங்க."

மூன்று தடவை போட்டுக் கேட்டேன். ஜாகிர் என்ன என்று கேட்டார், அவரிடமும் கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை, கிண்டலும் பண்ணவில்லை.

நாளை கொல்லங்கோட்டுக்குப் போய் ஷூ வாங்க வேண்டும்.