வசனம் மறக்காத குழந்தை

ஒட்டுமீசைப் பசை பழசானால் எப்படி நாறும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன மாதம் கோபாலபுரத்துப் பள்ளிக்கூட ஹாலில் நம் நாடகக் குழுவின் தகரப் பெட்டியைத் திறந்ததும் வாட்ச்மேன் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். "இன்னா மேடம், எலி எதுனா உள்ள செத்துக் கீதா?" என்றார். எலி இல்லை. மூடி கழன்ற பசை பாட்டில், நாலு மீசை, நசுங்கிய ராஜா கிரீடம், அதற்கும் அடியில் பழுப்பு அட்டை போட்ட உன் ஸ்கிரிப்ட் நோட்டு. நூலில் கட்டிய பென்சில் துண்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

நீ குழுவை விட்டுப் போன அன்று அதை என் கையில் கொடுத்தாய். நான் பிரித்துக்கூடப் பார்க்காமல் பெட்டிக்குள் போட்டேன். இருபத்தைந்து வருஷம் ஆகிறது. நீ கண்ணை மூடியே ஐந்து மாதம் ஆகிவிட்டது. இப்போதுதான் படித்தேன்.

பெட்டியைத் திறந்தது ரப்பர் ஸ்டாம்ப்பைத் தேடி. இந்த வருஷ நாடகத்தில் மூன்று குழந்தைகள் நடிக்கிறார்கள். குழந்தைகளோடு எப்படி நடந்துகொள்வோம் என்று எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் ஹால் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கோபம். 'நாமெல்லாம் ஒரு குடும்பம், கையெழுத்து எதற்கு?' என்று ஒருவர் போட, பதினான்கு பேர் கைகூப்பினார்கள். குடும்பம் என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்குக் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கடிதத்தை நானும் கூரியர்காரனுக்குக் கையெழுத்துப் போடுகிற மாதிரிதான் டைப் அடித்து வைத்திருந்தேன். ஸ்டாம்ப் ஒன்றுதான் பாக்கி.

நம் குழுவில் மேடை ஏறாத ஒரே ஆள் நீ. மேடையோரத் திரை மறைவில், விங்கில் ஒரு மர நாற்காலி, மடியில் நோட்டு, கையில் டார்ச். யாருக்கு வசனம் தடுக்குகிறதோ அவர்களுக்கு எடுத்துக்கொடுப்பாய். முதல் வரிசைக்குக் கேட்காது, நடிகர் காதுக்கு மட்டும் போய்ச் சேரும். யார் முகத்தையும் பார்த்து நீ மயங்கியதில்லை. தி. நகரில் உங்கள் அப்பாவின் பாத்திரக்கடையில் சின்ன வயதிலிருந்தே உட்கார்ந்து பழகியவள். "நான் கையத்தான் பாப்பேன் ஏட்டி, மூஞ்சியப் பாக்க மாட்டேன்" என்பாய். திருநெல்வேலிப் பேச்சு உன்னிடம் கடைசிவரை அப்படியே இருந்தது. நான் மயிலாப்பூர்க்காரி, மூஞ்சியை மட்டுமே பார்த்து வளர்ந்தவள்.

நீ போன அந்த வருஷம் இதே ஹாலுக்கு ஒத்திகைக்கு ஒரு சின்னப் பெண் வந்தாளே, பத்து வயது, வலது கன்னத்தில் மச்சம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி. பக்கத்து வீட்டுக்காரர் யாராவது கொண்டுவந்து விடுவார்கள். மத்தியானம் முழுக்க நம்மோடு இருப்பாள். அவளுக்கு மொத்தம் பதினோரு வசனம். இரண்டாவது வாரமே தன் வசனத்தோடு மற்றவர்கள் வசனத்தையும் சேர்த்து ஒப்பித்தாள். கதாநாயகனுக்கு நீ எடுத்துக்கொடுப்பதற்குள் அவள் எடுத்துக்கொடுத்துவிடுவாள். நாம் சிரித்தோம்.

மாமாவுக்கு அவள்மேல் தனிப் பிரியம். அவர் பெயரே பாதிப் பேருக்குத் தெரியாது, எல்லோருக்கும் மாமாதான். அவர் மேடைக்கு வந்தாலே சிரிப்பு. அவருக்காகத்தான் டிக்கெட் விற்றது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொண்டுவருவார், ஸ்கூட்டரில் வீட்டில் கொண்டுபோய் விடுவார். வாரா வாரம் அந்தப் பெண்ணை மட்டும் மாடி அறைக்குக் கூட்டிப்போய் வசனம் சொல்லிக்கொடுத்தார்.

நான் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் வந்து நின்றாய்.

"வைதேகி, ஒண்ணு சொல்லுதேன், கேளு. அந்தப் பிள்ளைக்கு நான் இதுவரை ஒரு வசனம்கூட எடுத்துக் குடுத்தது கிடையாது."

"நல்லதாப் போச்சு. அதுக்கென்ன இப்போ?"

"வசனமெல்லாம் தெரிஞ்ச பிள்ளைக்கு மாடியில என்ன சொல்லிக் குடுக்காரு? அதுவும் கதவச் சாத்திக்கிட்டு?"

கப்பை மேஜைமேல் வைத்தேன். கோபத்தில் வைத்த வேகத்தில் காபி சிந்தியது. "அசடு மாதிரி பேசாதே. அவர் நம்மாத்து மனுஷா மாதிரி. உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். கடையில உக்காந்துண்டு திருடனைத் தேடற புத்தி" என்றேன். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. உன் முகம் எப்படிப் போயிற்று என்று இப்போதும் தெரிகிறது.

நீ சண்டை போடவில்லை. அடுத்த ஞாயிறு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மாடிப்படிக்குக் கீழே போட்டாய். அதற்கடுத்த வாரம் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "எனக்குக் கண்ணு சரியாத் தெரியலம்மா, டார்ச் பிடிக்கியா?" என்றாய். உன் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அன்று முதல் அவள் ஒட்டுமீசை மாதிரி உன் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டாள். மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். உன் கவனம் பாதி அவள்மேலேயே இருந்ததால் நடிகர்கள் தடுமாறினார்கள். எல்லாப் புகாரும் செயலாளரான என்னிடம்தான் வந்தன.

பிறகு மயிலாப்பூரில் அந்த முதல் காட்சி. இரண்டாவது அங்கத்தில் கதாநாயகனுக்கு வசனம் மறந்துவிட்டது. விங்கைத் திரும்பிப் பார்த்தான். நாற்காலி காலி. அவன் வாயைத் திறந்து திறந்து மூட, பின் வரிசையில் கைதட்டிக் கேலி செய்ய ஆரம்பித்தார்கள். அந்தப் பெண்ணைக் காணோம் என்று நீ மேடைக்குப் பின்னால் போயிருந்தாய். அவள் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாய். அவளை எங்கே பார்த்தாய், யார் கூட இருந்தாள், நான் கேட்கவே இல்லை. எல்லோர் முன்னாலும், "இனிமே ப்ராம்ப்ட் பண்ண வேற ஆள் பாத்துக்கறேன்" என்று கத்தினேன். நீ நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாய். அடுத்த வாரம் அந்தப் பெண்ணும் வரவில்லை. 'படிப்பு கெடுகிறது' என்று அம்மா சொல்லி அனுப்பினாள். அந்தப் பதிலையும் நான் சௌகரியமாக நம்பிக்கொண்டேன்.

அன்று உன்னை நான் நம்பவில்லை என்று சொன்னால் அது பொய். உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. நம்பினால் மாமாவைக் கேட்க வேண்டும். கேட்டால் அவர் போய்விடுவார், அவரோடு மிச்சக் காட்சிகளும் போய்விடும். அதற்குப் பயந்துதான் உன்னை அனுப்பினேன். அதன் பிறகும் எத்தனை கல்யாணங்களில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மன்னிப்புக் கேட்க ஒரு நிமிஷம் போதும், நான் பாயசத்தைப் பற்றிப் பேசினேன்.

பெட்டியருகிலேயே தரையில் உட்கார்ந்து உன் நோட்டைப் படித்தேன். நடுவில் வசனம், ஓரத்தில் உன் பொடி எழுத்து. 'மாமா, குழந்தை, மாடி அறை, 3.10. கதவு சாத்தி. 25 நிமிடம்.' அடுத்த ஞாயிறும் அதே. 'இன்று மிட்டாயை வாங்கவில்லை. ஸ்கூட்டர் வேண்டாம் என்றாள். நான் ஆட்டோவில் விட்டேன், பக்கத்து வீட்டம்மாவையும் ஏற்றிக்கொண்டு.' எங்கும் ஒரு வசவு இல்லை, முடிவு இல்லை. பார்த்ததை மட்டும் எழுதியிருக்கிறாய்.

ஏழாம் பக்கம் திருப்பினேன். 'வைதேகி, குழந்தை, பின் அறை, 2.45. பாவாடை கட்டிவிட. கதவு சாத்தி. 10 நிமிடம்.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவர்கள் நாம். என்னையுமா? நோட்டை மூடி வீசப் போனேன். நல்லவேளை, கோபத்தில் பக்கம் புரண்டது. 'நான், குழந்தை, மாடிப்படி, 4.15. தண்ணீர் கொடுக்க. வேறு யாரும் இல்லை. 5 நிமிடம்.' உன்னையே எழுதியிருந்தாய். அதுவும் ஒரு தடவை இல்லை, எண்ணிப் பார்த்தால் என் பெயரைவிட உன் பெயர்தான் அதிகம். அப்போதுதான் அழுதேன். வாட்ச்மேன் பசை நெடி என்று நினைத்துக்கொண்டு ஃபேன் போட்டார்.

டைப் அடித்த கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். குழந்தையோடு தனியாக, கதவு சாத்தி, யாரும் இருக்கக் கூடாது. வண்டியில் யாரும் கொண்டுபோய் விடக் கூடாது. உடை மாற்றப் பெற்றவர் கூட இருக்க வேண்டும். யாருக்கும் விலக்கு இல்லை. அதைக் குழுவில் போட்ட மறுநாள் கொட்டிவாக்கத்தில் மகன் வீட்டில் இருக்கும் மாமா போன் செய்தார். எண்பதை நெருங்குகிறது, குரலில் அதே குழைவு.

"குழந்தேளுக்கு வசனம் நான் சொல்லித் தரேனே வைதேகி. ஆத்துல சும்மாதானே இருக்கேன்."

"வேண்டாம் மாமா. நீங்க வர வேண்டாம்."

"ஏன், என் மேலயே சந்தேகமா?"

"ஆமாம் மாமா."

இரண்டு வார்த்தை. இருபத்தைந்து வருஷம் தாமதம். அவர் ஏன் என்று மறுபடி கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை, போனை வைத்துவிட்டார். ஏன் கேட்கவில்லை என்பதையே இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எடுத்துக்கொடுக்க இப்போது ஆள் இல்லை, அதனால் விங்கில் நானே உட்காருகிறேன். இரண்டு வாரம் முன்பு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பள்ளியில் யாரோ சொல்லி, மகள் நடிக்க வேண்டும் என்று அடம் பிடித்தாளாம். அவள் ஹாலுக்குள் வரவில்லை. வாசலில் நின்று முதலில் மாடிப்படியைப் பார்த்தாள். வலது கன்னத்தில் மச்சம்.

"இங்க விங்ல ஒரு ஆன்ட்டி உக்காந்திருப்பாங்களே, டார்ச் வச்சுக்கிட்டு. அவங்க இருக்காங்களா?"

நீ இல்லை என்று சொன்னேன். மகளின் தோளைப் பிடித்திருந்த அவள் கை இறுகியது. என்னை உற்றுப் பார்த்தாள்.

"நீங்கதானே அப்போ செகரட்டரி?"

"ஆமாம்."

"அவங்க உங்க கிட்ட சொன்னாங்களா ஆன்ட்டி?"

என்ன சொன்னாய் என்று அவளும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. "சொன்னா. நான்தான் கேக்கலை. தப்பு என்னோடதும்மா" என்றேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது, அவளிடம் சொன்னேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததே நியாயம்.

திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். மகள் அவள் புடவையை இழுத்தாள். "இவ நடிக்கட்டும். ஆனா எல்லா வாரமும் நானும் இங்கயே உக்காந்துக்கறேன்" என்றாள். உன் மர நாற்காலியை அவளே இழுத்து, என்னையும் மகளையும் ஒருசேரப் பார்க்க வாகாகப் போட்டுக்கொண்டாள்.

நேற்றும் வந்தார்கள். மகளுக்கு வசனம் நன்றாகவே மறக்கிறது. எனக்கு அதில் ஏதோ ஒரு நிம்மதி. எடுத்துக்கொடுக்க நான் குனியும்போதெல்லாம் அவள் அம்மாவின் பார்வை என் கையில்தான் இருக்கிறது. இருக்கட்டும். உன் பென்சில் துண்டு இன்னும் எழுதுகிறது. உன் நோட்டின் ஓரத்தில் எழுதினேன்: 'வைதேகி, குழந்தை, விங், 3.20. வசனம் சொல்லிக்கொடுக்க. 4 நிமிடம்.' எழுதிவிட்டு, நோட்டை அந்த நாற்காலிப் பக்கம் திருப்பிக் காட்டினேன்.