பலகைக்கு அந்தப் பக்கம்

மாலைதீவு
2024 பெப்ரவரி 11

என்னங்க,

நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்களும் நம்ம பாப்பாவும் மதினியும் சொகமா இருக்கணும்னுதான் காலையில கண்ணு முழிச்சதும் கும்புடுறேன்.

போன்ல பேசுனா ஒங்களுக்கு வெளங்க மாட்டேங்குது. தேயிலை ஸ்டோர்ல கொழுந்து அரைக்கிற ரோலர் பக்கத்துல நின்னு நின்னு காது மந்தமாப் போனதுக்கு நீங்க என்ன செய்வீங்க. அதான் எழுதி, படம் புடிச்சு அனுப்புறேன். தீவுப் பக்கம் போட் போகும்போதுதான் சிக்னல் வரும். வந்ததும் ஒங்களுக்கு வந்து சேரும்.

இந்தத் தொரையும் தொரசாணியும் போட்லதான் குடியிருக்காங்க. (நம்ம தோட்டத்துல சொல்ற மாதிரி நான் மனசுக்குள்ள சொல்லிக்கிறேன்.) தொரைக்குக் கடலுக்குள்ள முங்கி மீனைப் படம் புடிக்கிற வேலை. போட் நாம குடியிருக்கிற லயத்துக் காம்பராவவிட கொஞ்சந்தான் நீளம். அதுக்குள்ளேயே குசினி, படுக்கை, டொய்லட் எல்லாம். போட் ஓட்டுறவரு மன்னார்க்காரர், விஜிதரன் அண்ணன். தமிழ்ல பேச அவரு ஒருத்தருதான். அவரும் ரொம்பப் பேச மாட்டாரு.

கொழந்தையப் பாத்துக்கிறது என் வேலை. ஆறு மாசப் புள்ளை. என் கையிலதான் தூங்கும். ஆனா ஒரு தொல்லை. டொய்லட்ல பட்டனை அமுக்குனா ஒரு மோட்டர் அலறுது பாருங்க, கல்லை அரைக்கிற மாதிரி. ஒத்தப் பலகைக்கு அந்தப் பக்கந்தான் தொட்டில். யாரு போனாலும் கொழந்தை திடுக்குன்னு முழிச்சு வீறிடுது. தொரசாணி ஒண்ணும் சொல்லாது. ஆனா மூஞ்சி மாறிரும்.

நீங்க எத்தனையோ மெசினப் பாக்குறவரு. இந்தச் சத்தத்தைக் கொறைக்க ஒரு வழி சொல்லுங்களேன்.

பாப்பா என்ன செய்யுது? போன தடவை போன்ல என் மூஞ்சியப் பாத்துட்டு ஓடிப்போயிருச்சே, அதையே நெனச்சுக்கிட்டு இருக்கேன்.

ஒங்க
கிருஷாந்தி


நோர்வூட்
2024 பெப்ரவரி 16

அன்புள்ள சாந்தி,

ஒன் எழுத்து வந்து சேந்துச்சு. அக்காவுக்கும் வாசிச்சுக் காட்டுனேன், நீ மதினிய விசாரிச்சிருந்தது அதுக்குச் சந்தோசம். இங்க எல்லாரும் சொகம். பனி இன்னும் விடல. காலையில கொழாயத் தொட முடியல. கொழுந்து கொறைவு, அதனால ஸ்டோரும் பாதி நேரந்தான் ஓடுது.

நீ கேட்டதுக்கு வாறேன். மோட்டர் சத்தம் போடுறதவிட, மோட்டரைப் புடிச்சிருக்கிற பலகை போடுற சத்தந்தான் பெருசு. வெறும் பலகையில நட்டைப் போட்டு இறுக்கிருந்தா அந்தச் செவரே தப்பு மேளம் மாதிரி அடிக்கும். மோட்டர் காலுக்கு அடியில ரப்பர் வெட்டிக் குடுக்கச் சொல்லு. கொழாய் எங்கயாவது பலகையில ஒட்டிக்கிட்டுப் போனா, அங்க துணியோ பஞ்சோ சுத்தணும். பெட்டரி எறங்கியிருந்தாலும் மோட்டர் தெணறும். அதையும் பாக்கணும்.

எங்கன்னு கண்டுபுடிக்க ஒரு வழி இருக்கு. ஒருத்தர் பட்டனை அமுக்கட்டும், நீ உள்ளங்கைய வச்சுத் தடவிக்கிட்டே போ. எங்க கை கூசுதோ அங்கதான் கோளாறு. காது போனதுலேர்ந்து நான் ஸ்டோர்ல இப்படித்தான் பாக்குறேன். யாருக்கும் தெரியாது, நீயும் சொல்லிறாத.

பாப்பா நல்லாச் சாப்புடுது. அக்காதான் பாத்துக்குது. கவலைப்படாத.

இப்படிக்கு,
ஜீவராஜ்


மாலைதீவு
2024 மார்ச் 3

என்னங்க,

நீங்க சொன்ன மாதிரியே செஞ்சோம். விஜிதரன் அண்ணன் பட்டனை அமுக்க, நான் மோட்டரை மூடியிருக்கிற பலகைக்குக் கீழே கைய விட்டுத் தடவுனேன். கொழாய் வளையுற எடத்துல பலகையோட ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. கை அப்படியே கூசிப்போச்சு! "தங்கச்சி, உங்கட அவர் இஞ்ச வந்து பார்த்ததுபோலச் சொல்லியிருக்கிறார்" அப்படின்னாரு அண்ணன். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா.

என்னோட பழைய ரப்பர் செருப்பை வெட்டி மோட்டர் காலுக்குக் குடுத்தோம். கொழாய்க்கு கொழந்தையோட பழைய துவாயைச் சுத்துனோம். பாதிச் சத்தம் போயிருச்சு. அன்னைக்குக் கொழந்தை முழிக்கவே இல்ல. தொரசாணி என்னையக் கட்டிப் புடிச்சுக்கிச்சு.

ஆனா அடுத்த நாள் முழிச்சிருச்சு. அதுக்கப்பறமும் ஒரு நாள் தூங்கும், ஒரு நாள் முழிக்கும். அதனால கொழந்தை தூங்குறப்ப யாரும் டொய்லட் போக வேணாம்னு தொரசாணி சொல்லிருச்சு. அவுங்களும் போறதில்லதான். ஆனா அவுங்க சின்னப் போட்டை எடுத்துக்கிட்டுப் பக்கத்து ஹோட்டலுக்குப் போயிட்டு வந்துருவாங்க. அண்ணன் ஆம்பளை, போட் பின்னால போயிருவாரு. நான் கொழந்தைய விட்டுட்டு எங்க போறது. அது பகல்லயும் பாதி நேரம் தூக்கந்தான். பரவால்ல, தண்ணி குடிக்கிறதக் கொறைச்சுக்கிட்டேன். பழகிரும்.

நீங்க அனுப்புன படத்துல பாப்பா யாரையோ பாத்துச் சிரிக்குது. ஒங்களையா?

ஒங்க
கிருஷாந்தி


நோர்வூட்
2024 மார்ச் 8

சாந்தி,

கோவமா எழுதுறேன்னு நெனைக்காத. கோவந்தான்.

தண்ணி கொறைச்சுக்கிட்டேன்னு ஏதோ கறியில உப்பைக் கொறைச்ச மாதிரி எழுதிருக்க. அக்கா ஏன் இப்ப வேலைக்குப் போகாம வீட்டுல இருக்கு? மேல் மலையில கொழுந்து எடுக்கப் போனா ஒதுங்க ஒரு மறைவு கெடையாது. காலையில பேர் பதியப் பெரட்டுக்குப் போனா சாயந்தரம் வரைக்கும் அடக்கிக்கிட்டுத் தண்ணி குடிக்காம கெடந்துச்சு. அப்பறம் ஆஸ்பத்திரியில படுத்தது ஒனக்குத் தெரியும். நீதானே சோறு கொண்டு போன. ஒன் எழுத்தை வாசிச்சப்ப அந்த வரிய மட்டும் அக்காவுக்கு வாசிக்கல. அது கண்டுபுடிச்சிருச்சு. "என்னடா முழுங்குற"ன்னு போனைப் புடுங்கி அதே வாசிச்சிருச்சு. அப்பறம் சாப்புடல.

நான் மோட்டரைக் கொறைக்கத்தான் வழி சொன்னேன். ஒன்னையக் கொறைக்கச் சொல்லல. கையால பம்ப் அடிக்கிற டொய்லட் இருக்காம், மோட்டரே வேணாம். அதை மாத்தித் தரச் சொல்லிக் கேளு. கேக்குறதுக்கு வெக்கப்படாத. கொழந்தை முழிச்சா திரும்பத் தூங்க வைக்கலாம்.

படத்துல பாப்பா சிரிச்சது அக்காவப் பாத்து.

ஜீவராஜ்


மாலைதீவு
2024 ஏப்ரல் 2

என்னங்க,

இவ்வளவு நாள் எழுதாம இருந்ததுக்கு என்ன நெனச்சீங்களோ. காச்சல் வந்துருச்சு. அடிவயிறு வலி, முதுகு வலி, ஒண்ணுக்குப் போனா எரிச்சல். யாருக்கும் சொல்லாம மாத்திரை போட்டுப் பாத்தேன். கொழந்தைய வச்சுக்கிட்டு நிக்கும்போதே தலை சுத்தி ஒக்காந்துட்டேன். நல்லவேளை, கொழந்தைய மடியிலதான் வச்சிருந்தேன். விஜிதரன் அண்ணன்தான் தீவு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஊசி போட்டாங்க. இப்ப நல்லாருக்கு, பயப்படாதீங்க.

தொரசாணி ஆஸ்பத்திரிக்கு வந்து கையைப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. ஏன் சொல்லலன்னு கேட்டுச்சு. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல என்ன சொல்ல? நீங்கதானே போக வேணாம்னு சொன்னீங்கன்னு சொல்ல வாய் வரல. கெட்டது இல்லங்க அது. அதுக்கும் தூக்கமில்ல.

ஆஸ்பத்திரியிலேர்ந்து திரும்பி வந்த அன்னைக்கு நடந்ததைத்தான் ஒங்ககிட்ட சொல்லணும். கொழந்தை தூங்குது. தொரசாணி அவசரத்துல டொய்லட் போய் பட்டனை அமுக்கிருச்சு. செருப்பு ரப்பரும் நழுவிப்போயி மோட்டர் பழையபடி அலறுது. நான் தொட்டிலுக்கு ஓடுனேன். கொழந்தை அசையல. வாயைச் சப்பிக்கிட்டு அப்படியே தூங்குது. நான் இல்லாத நாள்ல அவுங்க எல்லாரும் நெனச்ச நேரம் போயிருக்காங்க. கொழந்தைக்குப் பழகிருச்சாம். தொரசாணி சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். அப்பறம் மேல போயி கடலைப் பாத்துக்கிட்டு ஒக்காந்துட்டேன். எந்தப் பக்கம் திரும்புனாலும் தண்ணி. நம்ம மலை எந்தத் தெசைன்னுகூட எனக்குத் தெரியல.

கொழந்தைங்களுக்கு எல்லாமே சீக்கிரம் பழகிரும்போல.

இன்னும் ஒரு வருசம் இருக்கச் சொல்லுறாங்க. கையால அடிக்கிற பம்ப்பும் மாத்தித் தாறாங்களாம். நான் இன்னும் பதில் சொல்லல. அதுக்கு முன்ன ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. பாப்பா யாரை அம்மான்னு கூப்புடுது?

கிருஷாந்தி


நோர்வூட்
2024 ஏப்ரல் 6

அன்புள்ள சாந்தி,

ஒடம்பைப் பாத்துக்க. அதை மொதல்ல எழுதுறேன். நல்லாத் தண்ணி குடி.

நீ கேட்டதுக்குப் பதில், அக்காவத்தான். தைப் பொங்கலுக்கு முந்தியே ஆரம்பிச்சிருச்சு. அக்கா வேணும்னு பழக்கல, சத்தியமா. "நான் அத்தைடி, அந்தா அம்மா"ன்னு ஒவ்வொரு தடவையும் ஒன் படத்தைக் காட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு. பாப்பா படத்தைப் பாக்கும், திரும்பவும் அக்கா கழுத்தைக் கட்டிக்கும். மொத தடவை அம்மான்னு கூப்புட்ட அன்னைக்கு அக்கா, "அவ வந்து கேட்டா நான் என்னடா சொல்லுவேன்"னு அடுப்படியில ஒக்காந்து அழுதுச்சு. ஒனக்கு எழுத எனக்குத் தைரியம் வரல. அங்க தனியாக் கெடக்குறவளுக்கு இதையும் எதுக்குன்னு விட்டுட்டேன்.

காது கேக்காதவனுக்கு நீ இல்லாம வீடு அமைதியாக் கெடக்குறது எப்படித் தெரியும்னு கேப்ப. தெரியுதுடி. ஸ்டோர்லேர்ந்து வந்து கதவைத் தொறக்கும்போதே தெரியுது.

இருன்னு சொன்னா அந்தக் காசுல நம்ம வீட்டு ஒழுகுற கூரைய மாத்திரலாம். அது எனக்கும் தெரியும். ஆனா நான் இருன்னு சொல்ல மாட்டேன். வந்துரு சாந்தி. நீ வந்ததும் பாப்பா ஓடி வந்து கட்டிக்கும்னு பொய் சொல்லல. அழும். ஒளிஞ்சுக்கும். எவ்வளவு நாளைக்குன்னும் தெரியாது. இருந்தாலும் வந்துரு.

ஒன்
ஜீவராஜ்


மாலைதீவு
2024 ஏப்ரல் 19

என்னங்க,

ஒங்க எழுத்தைப் பல தடவை வாசிச்சேன். அழுதேன், மறைக்கல. மதினி மேல எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லன்னு எழுதுனா அது பொய். முதல்ல இருந்துச்சு. அப்பறம் இந்தக் கொழந்தை என் மூஞ்சியத் தடவிக்கிட்டே தூங்குனப்ப, அதோட அம்மா கதவோரமா நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு. அது மூஞ்சியப் பாத்தேன். அதுக்கப்பறம் மதினி மேல வருத்தம் இல்ல.

தொரசாணிகிட்ட சொல்லிட்டேன். வேற ஆள் வந்ததும், மே மாசத்துல அனுப்பி வைக்கிறாங்க. கொழந்தைய விட்டுட்டு வாறது எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். அதுக்கு அப்படி இருக்காது.

என்னையக் கூட்டிட்டுப் போக ஹட்டனுக்கு நீங்க மட்டும் வாங்க. பாப்பாவத் தூக்கிட்டு வந்து "அந்தா அம்மா, போ போ"ன்னு தள்ளி விடாதீங்க. வீட்டுலயும் யாரும் அதுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்க வேணாம். மதினிகிட்டயும் சொல்லுங்க, பாப்பாவ எறக்கி விட வேணாம். அது மதினி மடியிலேயே இருக்கட்டும். நான் பக்கத்துல வந்து ஒக்காந்துக்குறேன்.

கிருஷாந்தி