ஹால் தொட்டியில் ஒரு ஹவுஸ் ஓனர்

மார்ச் 4

துணி வெட்டும் மேஜை இருந்த இடத்தில் இப்போது தம்பியின் மீன் தொட்டி. ஜன்னல் ஓரம் வையேன் என்றால், "வெயில் பட்டா பாசி பிடிச்சிரும்க்கா" என்கிறான். என் மேஜை சுவரோடு ஒண்டிக்கொண்டு நிற்கிறது. கல்யாணம் முறிந்து, அந்த வீட்டிலிருந்து அவன் கொண்டுவந்தது ஒரு பெட்டித் துணியும் இந்தத் தொட்டியும்தான். அதனால் வாயைத் திறக்காமல் இருக்கிறேன். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

எல்லாம் சிக்லிட் மீன்களாம். பார்க்க அழகு, குணம் அடிதடி. பெரிய நீலம் ஒன்று, உள்ளே இருக்கும் மண்பானைப் பக்கம் யாரையும் அண்ட விடுவதில்லை. தம்பி அதற்கு வைத்திருக்கும் பெயர் ஹவுஸ் ஓனர். இங்கே வந்தபிறகு வைத்த பெயரா, முன்பே வைத்ததா? கேட்டால் சிரிக்கிறான்.

மார்ச் 9

சின்ன மஞ்சள் மீனுக்கு வால் கிழிந்திருக்கிறது. நாள் முழுக்க பில்டர் குழாய்க்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறது. பசியில்தானே இப்படிக் கடித்துக்கொள்கின்றன என்று இன்னும் இரண்டு தடவை தீனி போட்டேன். தண்ணீர் கலங்கிவிட்டது.

"பசிக்கு சண்ட போடலக்கா, எடத்துக்குப் போடுது." ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை முடிந்து வந்த களைப்போடு பாதித் தண்ணீரை மாற்றினான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 13

அவன் டூட்டிக்குப் போனதும் ஓனரை வலையில் பிடித்து பக்கெட்டில் விட்டேன். கிடக்கட்டும், அப்போதுதான் புத்தி வரும்.

மத்தியானத்துக்குள், இதுவரை சாதுவாக இருந்த கோடு போட்ட மீன் பானையைப் பிடித்துக்கொண்டு மஞ்சளை விரட்டோ விரட்டென்று விரட்டுகிறது. அடப்பாவி, நீயுமா? பக்கெட்டில் எட்டிப் பார்த்தால் ஓனர் ஓரமாக ஒடுங்கிக் கிடக்கிறான். மனசு கேட்கவில்லை, திரும்ப விட்டேன். இப்போது அவனுக்கே அடி விழுகிறது.

மார்ச் 14

தம்பியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். இங்கே வந்ததிலிருந்து அவன் அப்படிச் சிரித்துப் பார்க்கவில்லை.

மார்ச் 20

ஈர வலையைக் கொண்டுவந்து என் மேஜை மேல வெச்சிருக்கான் — தைக்கக் கொடுத்த வெள்ளைத் துணி மேல. பச்சைக் கறை. "இது என் வீடுடா"ன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டேனே. தட்டுல பாதிய வெச்சிட்டு எழுந்து போயிட்டான். எனக்கு எதுக்கு இந்த வாய்?

மார்ச் 22

ஆஸ்பத்திரிப் பக்கத்தில் அறை பார்த்துவிட்டானாம். ஒன்றாம் தேதி போகிறான். "உனக்கும் எடம் வேணும்லக்கா." அங்கே தொட்டி வைக்க முடியாது, மீன்களைக் கடைக்காரர் எடுத்துக்கொள்வாராம்.

சரி என்றேன். ஊர் உலகத்தையெல்லாம் பேசுகிற வாய்க்கு, போகாதே என்று ஒரு வார்த்தை வரவில்லை.

மார்ச் 26

மஞ்சளுக்கு வால் இன்னும் மோசம். தம்பி கையை உள்ளே விட்டுக் கல்லையெல்லாம் வெளியே எடுத்தான். பானையைத் திருப்பி வேறு மூலையில் வைத்தான். கற்களையும் இடம் மாற்றி அடுக்கினான்.

"ஏன்டா, நல்லாத்தானே இருந்துச்சு?"

"ஒருத்தருக்கும் பழைய எடம் இருக்கக் கூடாதுக்கா. எல்லாரும் இன்னிக்குத்தான் குடி வந்த மாதிரி ஆயிரும்."

திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தவர்கள் மாதிரி எல்லாம் கொஞ்ச நேரம் முழித்துக்கொண்டு திரிந்தன. அப்புறம் ஆளுக்கொரு மூலை. மஞ்சளுக்கு இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு பொந்து. ஓனர் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டான். நான் அடுப்பில் வைத்த பாலை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 30

அவன் டூட்டிக்குப் போனதும் மாடி வீட்டு டிரைவரைக் கூப்பிட்டேன். மேஜையும் தையல் மெஷினும் என் அறைக்கு. என் கட்டில் எதிர்ச் சுவருக்கு. துணி மூட்டை அடைந்து கிடந்த சின்ன அறையைக் காலி பண்ணி தம்பியின் கட்டில். ஹாலில் தொட்டியும், ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலியும். சமையலறை அலமாரியையும் விடவில்லை. "வீடு மாத்துறீங்களாக்கா?" என்றார் டிரைவர். ஆமாம் என்றேன். இடுப்பு போச்சு.

தம்பி வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"என்னக்கா இது?"

"எது எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது. நீயும் ஒரு எடத்தப் பாத்துப் பிடிச்சுக்க."

தொட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். டீ போடுகிறேன் என்று உள்ளே போனவன் டம்ளரைத் தேடிக்கொண்டே இருந்தான். நானும் போய்த் தேடினேன். கிடைக்கவில்லை, கிண்ணத்தில் குடித்தோம்.

ஏப்ரல் 3

காலையில் ஜன்னல் பக்கத்து நாற்காலிக்கு எனக்கும் தம்பிக்கும் சண்டை. அவன் உட்கார்ந்துவிட்டான், எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். நாளைக்கு நான் முன்னாலேயே எழுந்துவிடப் போகிறேன்.