வலதுகால் பூட்ஸ்

தாராவி, ஆகஸ்ட் 1966

என் கண்ணு மகனுக்கு, வாப்பா ஸலாம் சொல்லி எழுதுதேன்.

சுதந்திர தினத்துக்கு டில்லி செங்கோட்டையில கொடியேத்துறதைப் பார்க்க உனக்கு முன்வரிசையில நாற்காலி போடுறாங்கன்னு பட்டாள ஆஸ்பத்திரியில இருந்து எழுதியிருந்தே. தாராவி முழுக்கச் சொல்லிட்டேன். உம்மா நெய்ச்சோறு ஆக்கித் தெருவுக்கே கொடுத்தா.

அன்னைக்குப் போட உனக்கு பூட்ஸ் தச்சேன். கைப்பழக்கம், ஜோடியாவே தச்சுட்டேன். இடதை மட்டும் பார்சல்ல அனுப்பியிருக்கேன். நல்லாப் பாலிஷ் போட்டுக்கோ.

வலதைப் பட்டறை வாசல்ல மாட்டியிருக்கேன். நேத்து ஒரு சேட், "ஒத்தை பூட்ஸ் எதுக்கு பாய்?"னு சிரிச்சார்.

"அந்தக் காலை என் மகன் நாட்டுக்குக் கொடுத்துட்டான் சேட்"னேன்.

செருப்புத் தைக்கிற பட்டறைக்குள்ள, செருப்பை வாசல்லயே கழட்டிட்டு வந்த முதல் ஆள் அவர்தான்.

உன் வாப்பா