ஏழு வீட்டு லெய்ட்டின்

அன்பு மகன் வில்ஃப்ரிடுக்கு,

கடல் தாண்டியும் உன்னைக் காத்துவருகிற தேவனுக்கு முதலில் என் ஸ்தோத்திரம். நானும் அப்பாவும் உன் தங்கை தாமாரும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு ஒரு நாள் முன்பே சேதி சொல்லிவிடுகிறது, மற்றபடி குறையில்லை. நீ குளிர் காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொள்கிறாயா, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறாயா என்று எழுதவேயில்லையே. மானிட்டோபாவில் கோயில் பத்து மைல் என்றால் இருந்த இடத்திலாவது ஒரு சங்கீதம் வாசி.

நீ லெய்ட்டின் என்று பேச்சுவாக்கில் சொன்னதற்கு உன்னோடு இருக்கிற பையன்கள் சிரித்தார்கள், அது இங்கிலீஷே இல்லை என்றார்கள் என்று எழுதியிருந்தாய். சிரித்தால் சிரிக்கட்டும். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை, வேதத்தை எழுத்துக்கூட்டித்தான் படிக்கக் கற்றேன், ஆனாலும் உனக்காகப் புதுப் போதகரிடம் கேட்டேன். லெய்ட் என்றால் தேடுவது, ஆயிரம் வருஷம் முன்பு வடகடலிலிருந்து கப்பலில் வந்து இந்த மலைகளில் ஆடு மேய்க்க உட்கார்ந்தவர்கள் கொண்டுவந்த சொல், அவர்கள் வாள் துருப்பிடித்துப் போயிற்று, சொல் போகவில்லை என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பனியில் புதைந்த ஆட்டை லெய்ட் பண்ணுகிறோம், கோழி வைக்கோலில் ஒளித்த முட்டையையும் அப்படித்தான். ஒரு வீட்டில் பிறப்பென்றாலும் சாவென்றாலும் யார் யாரைத் தேடிப்போய் அழைக்கவேண்டுமோ அந்த வீடுகளெல்லாம் சேர்ந்து அந்த வீட்டின் லெய்ட்டின். இதைக் கேட்டாலும் உன் பையன்கள் சிரிப்பார்கள். அதனால் போன மாதம் இங்கே நடந்ததை எழுதுகிறேன், அதை அவர்களுக்கு வாசித்துக் காட்டு.

மேல்வீட்டு ஐசக் பர்கெட் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சாகும்போது பெண்டாட்டி பெல்லாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம், டவுனிலிருந்து வாடகைக்குக் குதிரைவண்டி பிடித்து என்னைச் சாலையைச் சுற்றிக் கொண்டுபோகாதே, எங்கப்பனைப் போல என் லெய்ட்டின் ஆட்கள் தோளில் கணவாய் வழியாகக் கோயிலுக்குப் போகவேண்டும் என்று. பெட்டிக்கு நாலு தோள் வேண்டும். ஏழு வீட்டில் நீங்களெல்லாம் கப்பலுக்கும் சுரங்கத்துக்கும் போனபிறகு மிச்சம் அப்பா, டைசன் வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர், அவ்வளவுதான். நாலாவது தோள் ஆன்டனி காஸ்கார்த்துடையது. ஐசக் ஆட்டுச்சந்தையில் எல்லார் முன்னாலும் அவனை அடுத்தவன் ஆட்டின் காதுக்குறியை அறுத்து மாற்றியவன் என்று சொன்ன நாளிலிருந்து இரண்டு வீடும் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். அதைவிடப் பெரிய வசவு இந்த மலையில் இல்லை. உண்மையா பொய்யா, கர்த்தருக்கே வெளிச்சம்.

அழைக்கப் போகிற முறை அப்பாவுடையது. காஸ்கார்த் பெயரை எடுத்ததுமே பெல்லா அப்பாவிடம், அவன் வாசலை மிதிச்ச கால் என் வாசலை மிதிக்கக் கூடாது ஜாஸ், சொல்லிட்டேன் என்றாள். உன் அப்பாதான் தெரியுமே, துக்க வீட்டில் எதற்கு வாக்குவாதம் என்று நாலு வாசலில் நின்று அழைத்துவிட்டு ஐந்தாவதான காஸ்கார்த் வாசலைத் தாண்டி வந்துவிட்டார். தாமார் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஏம்ப்பா, ஒரு வீட்டைத் தாண்டிட்டா அந்த வீடு லெய்ட்டின விட்டே போச்சுல்ல, அப்புறம் அவங்க வீட்டுச் சாவுக்கு நம்ம யாரும் போக முடியாதே, இதைச் செய்ய நீங்க யாரு, பெல்லாம்மா யாரு என்று கேட்டாள். இவள் கையைக் கழுவிக்கொண்டு சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டாள். பெண்பிள்ளை அழைக்கப் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

காஸ்கார்த் வாசல்படிக்கு வெளியே நின்று முறைப்படி சொன்னாளாம், ஐசக் பர்கெட் அடக்கம், வியாழக்கிழமை காலை பத்து மணி, இந்த வீட்டிலிருந்து இரண்டு பேர் என்று. ஆன்டனி சிரித்திருக்கிறான். இத்தனை வருஷம் திருட்டுப்பய, இன்னைக்குத் தோள் குறையுதுன்னதும் பக்கத்து வீட்டுக்காரனா, போய் ஒரு கழுதையக் கூப்பிடச் சொல்லு என்றானாம். இவள் விடுவாளா, கழுதை எங்க லெய்ட்டின்ல இல்லையே மாமா, நீங்கதானே இருக்கீங்க, வர்றதும் வராததும் உங்க பாடு, கூப்பிடாம விட்டா அது எங்க பாவம் என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறாள். நேரே பெல்லாவிடமும் போய் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். யாரைக் கேட்டுடி போன என்று பெல்லா மேஜையில் அடித்தாளாம். திட்டுறதுன்னா அடக்கம் முடிஞ்சு திட்டுங்க, அவரைத் தோள்ல கொண்டுபோகணுமா வேண்டாமா என்று இவள் கேட்டிருக்கிறாள்.

வியாழக்கிழமை பத்தடித்தது, ஆன்டனி வரவில்லை. டவுனுக்கு ஆளனுப்பி வண்டி வரவழைத்துவிடலாம் என்று டைசன் பெரியவன் சொல்ல வாயெடுத்தான். தாமார் சால்வையை நாலாக மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு பின்பக்க மூலையில் போய் நின்றாள். பொம்பளை தோள்லயா, நல்லாயிருக்கா இது என்றான் டைசன் சின்னவன். உனக்குப் பாரமா இருந்தா என் பக்கம் சாய்ச்சு விடு என்றாள் இவள். அப்பா இரண்டு பேர் தோளும் சரிமட்டமா என்று குனிந்து பார்த்தார். நான் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டே பின்னால் நடந்தேன், எத்தனை தடவை இடறினேன் என்று கேட்காதே.

கணவாய்க்குப் போகும் வழி காஸ்கார்த் நிலத்துக்குள்ளேதானே போகிறது. அங்கே படலைத் திறந்து பிடித்துக்கொண்டு ஆன்டனி நின்றான், கல்யாணக் கோட்டுப் போட்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் அவன் பெண்டாட்டி. எல்லாரும் நின்றுவிட்டோம். பெல்லா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இப்படி நேரம் கழிச்சா வர்றது ஆன்டனி, மனுசன் கனக்குறாருல்ல என்றாள். அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தொப்பியைப் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டுத் தாமாரிடம் வந்து, நகரு புள்ள என்றான். இவள் நகரவில்லை. எங்கப்பாவ மாத்தி விடுங்க மாமா, அவருக்குத்தான் மூச்சு வாங்குது என்றாள். அவன் அப்பாவின் மூலைக்குப் போய்த் தோள் கொடுத்தான். வில்ஃப்ரிட், கோயில் வாசல் வரை உன் தங்கை தோளை இறக்கவில்லை. இப்போதும் அந்தத் தோளில் உள்ளங்கை அளவு கன்றியிருக்கிறது, தைலம் தேய்த்துவிட்டால் வேண்டாம் என்கிறாள்.

அடக்கம் முடிந்து, துக்கத்துக்கு வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்தனுப்புகிற ஆர்வல் ரொட்டியைப் பெல்லா கொடுக்கிறபோது, ஆன்டனி வாங்கக் கை நீட்டாமல் ஒதுங்கி நின்றான். அவளே நடந்துபோய் அவன் பெண்டாட்டி கூடையில் வைத்தாள். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை, ஐசக் சொன்னதை யாரும் பொய் என்றும் சொல்லவில்லை. ஆனால் ஏழு வீடும் ஏழு வீடாகவே இருக்கிறது. டைசன் பெரியவன் அன்றைக்கே அப்பாவிடம் வந்து, இனிமே அழைக்கிற வேலை தாமாருக்கே இருக்கட்டும் ஜாஸ், அந்தப் பொண்ணு சொன்னா மறுக்க முடியல என்றான். அப்பா அதை இன்றுவரை சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், நானும்தான்.

உன்னை எப்போதும் ஜெபத்தில் நினைக்கிறேன். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதித்து, நல்ல மனசுள்ள ஒரு பெண்ணையும் உனக்குக் காட்டட்டும். இதனுடன் வரும் பொட்டலத்தில் நம் வீட்டுக்குக் கிடைத்த ஆர்வல் ரொட்டியில் உன் பங்கு இருக்கிறது. தபால் செலவு கொஞ்சம் அதிகம்தான், பரவாயில்லை. வந்து சேர்வதற்குள் கல்லாகியிருக்கும், எறிந்துவிடாதே, தேநீரில் ஊறவைத்துச் சாப்பிடு. எத்தனை தூரம் போனாலும் நீ இந்த லெய்ட்டின் பிள்ளை.

உன் அம்மா,
டைனா மவுன்சி